கடல் அறுத்துக் காட்டும் மண்ணடுக்கை ‘மர்மம்’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலோரத்து மண்மேடு சரிந்து, அதன் உள்ளிருந்து ‘மர்மக் கட்டுமானம்’ ஒன்று வெளிப்பட்டது என்று ஆண்டுக்கு ஓரிரு முறையாவது செய்தி வருகிறது. உடன் வரும் படத்தில் ஒரு கல்வரிசையோ செங்கல் விளிம்போ தெரியும். பக்கத்தில் நான்கைந்து பேர் நிற்பார்கள். அவர்களில் ஒருவர் கையில் அங்கிருந்து பெயர்த்த துண்டு ஒன்று இருக்கும். நில அளவையாளராகப் பணியாற்றிய காலத்தில், அகழாய்வுக் குழிகளின் பக்கச் சுவர்களை அளந்து வரைந்து கொடுக்கும் வேலையைப் பல பருவங்கள் செய்தவன் நான். அதனால் அந்தப் படங்களில் என் கண் முதலில் போவது அந்தக் கையில் இருக்கும் துண்டின் மேல்தான். அதைப் பற்றியே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அகழாய்வில் ஒரு குழியைத் தோண்டினால், அதன் சுவரைத் தூக்குக்குண்டு பிடித்து நேராகச் செதுக்கி, கரண்டியால் வழித்துச் சுத்தம் செய்து, எந்த மண்ணுக்கு மேல் எந்த மண் படிந்திருக்கிறது என்று பார்த்து வரைவார்கள். கடலோர மேட்டில் அலை அதே வேலையை முரட்டுத்தனமாகச் செய்கிறது. அது மேட்டின் அடியைக் குடைகிறது. மேலே பெய்த மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அதன் பாரத்தைக் கூட்டுகிறது. தாங்குவதற்கு அடி இல்லாத மேல்பகுதி ஒருநாள் பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. விழுந்த மண்ணை அடுத்தடுத்த அலைகள் வாரிக்கொண்டு போனதும், புதிதாக வெட்டிய சுவர் ஒன்று நிற்கும். அடுத்த சரிவு வரும் வரைதான் அதற்கு ஆயுள். சில இடங்களில் அது பல மாதங்கள் நிற்கும். சில இடங்களில் ஒரு பெருங்காற்று இரவைத் தாண்டாது.

அந்தச் சுவரில் கட்டுமானத்தைத் தேடுபவர்கள் கல்லையும் செங்கல்லையுமே பார்க்கிறார்கள். ஆனால் பழகிய கண்ணுக்கு அங்கே சொல்லும் பொருள் பெரும்பாலும் மண்தான். விரல் கனமே உள்ள, சுற்றியிருப்பதைவிடக் கெட்டியான கோடு ஒன்று கிடையாக ஓடினால் அது மனிதர் மிதித்து இறுகிய தரையாக இருக்கலாம். அதன் மேல் ஒரு சாண் அகலத்துக்கு மண் சிவந்து, நடுவில் கரி படிந்திருந்தால் அங்கே அடுப்பு எரிந்திருக்கலாம். வெளிறிய மணலுக்குள் கிண்ணம் போல வளைந்து இறங்கும் கருமண், யாரோ வெட்டி, பிறகு குப்பையால் நிரம்பிய பள்ளமாக இருக்கலாம். கிளிஞ்சலும் எலும்பும் பானையோடும் அதில் கலந்திருந்தால் ஐயம் குறையும். கல்வரிசை அந்தத் தரைக்கோட்டின் மேல் நிற்கிறதா, அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறதா என்பதை வைத்துத்தான் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல முடியும். கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டால், இந்தக் கேள்விக்குரிய விடையும் அதோடு போய்விடும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மேடு சரிந்து, சுடுமண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உறைகிணறு பாதியாகப் பிளந்து தெரிகிறது என்று தகவல் வந்து, அளவுநாடாவும் வரைபலகையும் எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். முதல் நாள் எடுத்த படத்தில் ஏழு உறைகள் இருந்தன. நான் போனபோது நான்குதான் இருந்தன. எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுக்கவில்லை. கடல் கொண்டுபோவதற்குள் காப்பாற்றுகிறோம் என்று நினைத்தார்கள். அந்த உறைகள் இன்றும் எங்கோ ஒரு கட்டடத்தில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்குள் அடைந்திருந்த மண்ணைக் கீழே கொட்டிவிட்டார்கள். கிணறு தூர்ந்தபோது உள்ளே நிரம்பிய மண்ணில்தான், அப்போது விழுந்த விதையும் பானையோடும் கிடக்கும். எந்தக் காலத்தில் அது தூர்ந்தது என்பதைச் சொல்லும் சான்று அதுவே. அன்று நான் வரைந்த படத்தில் நான்கு உறைகளுக்கு மேலே வெற்றிடத்தை விட்டு, ‘மண் அகற்றப்பட்டது’ என்று எழுதினேன். அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது.

இது சிறிய இடங்களுக்கு மட்டும் நேர்வதன்று. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் உள்ள ஸ்காரா பிரே, கடல் அரிப்பு வெளிப்படுத்திய இடங்களில் உலகப் புகழ் பெற்றது. 1850ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் வீசிய புயல் கரையோர மேடு ஒன்றின் புல்போர்வையை உரித்தெடுத்தபோது கல்வீடுகள் வெளித்தெரிந்தன. நிலத்தின் உரிமையாளர் தாமாகவே தோண்டத் தொடங்கி, 1868க்குள் நான்கு வீடுகளை வெளிக்கொணர்ந்தார். 1913இல் ஒரு வார இறுதியில் மண்வெட்டிகளோடு வந்த சிலர் அங்கிருந்து என்னென்ன எடுத்துப் போனார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. 1924இல் மற்றொரு புயல் ஒரு வீட்டின் பகுதியை அடித்துச் சென்ற பிறகுதான் தடுப்புச்சுவரும் முறையான அகழாய்வும் வந்தன. அந்த அகழாய்வை நடத்திய கார்டன் சைல்டு தம் காலத்தின் தலைசிறந்த தொல்லியலாளர்களில் ஒருவர். கல்லில் அமைத்த படுக்கைகளையும் அலமாரிகளையும் பார்த்த அவர், ஊர் சுமார் கி.மு. 500ஐச் சேர்ந்தது என்று கருதினார். 1970களில், எஞ்சியிருந்த பழைய குப்பைமேட்டில் எடுத்த மாதிரிகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணித்தபோது, அது கி.மு. 3000ஐ ஒட்டிய புதிய கற்கால ஊர் என்பது உறுதியாயிற்று. அவ்வளவு பெரிய அறிஞரின் கணிப்பை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தியது, யாரும் பொருட்படுத்தாமல் விட்டுவைத்த குப்பை. அதுவும் அள்ளப்பட்டிருந்தால் அந்த ஊருக்கு இன்றும் தவறான வயதைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

மறுபுறம், வெளிப்படுவதெல்லாம் மனிதர் கட்டியதும் அல்ல. கிரேக்கத்தின் சாகிந்தோஸ் தீவையொட்டிய ஆழமற்ற கடலடியில் தளம் பாவியது போலவும் தூண்களின் அடிபீடங்கள் போலவும் தெரிந்தவற்றை 2013இல் மூழ்கிய நகரம் என்றே பலர் நம்பினார்கள். கடலடி மண்ணிலிருந்து கசிந்த மீத்தேனை உண்டு வாழ்ந்த நுண்ணுயிர்களின் செயலால் வண்டல் கெட்டித்து உருவானவை அவை என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. நகரம் என்றால் இருந்திருக்க வேண்டிய பானையோடுகளும் மற்றப் புழங்கு பொருள்களும் அங்கே இல்லாதது முதலிலேயே யோசிக்க வைத்திருக்க வேண்டும். நியூசிலாந்தின் மொய்ராக்கிக் கடற்கரையில், களிப்பாறை மேட்டை அலை அரிக்க அரிக்க, ஏறத்தாழ 2 மீட்டர் குறுக்களவு வரையுள்ள உருண்டைகள் வெளியே வந்து மணலில் கிடக்கின்றன. கால்சைட் என்ற சுண்ணக் கனிமம் சேர்ந்து சேர்ந்து, பல லட்சம் ஆண்டுகளில் மண்ணுக்குள்ளேயே திரண்டவை அவை. எரிமலைக் குழம்பு ஆறும்போது அறுகோணத் தூண்களாகப் பிளப்பதும், பாறை வெடிப்பில் புகுந்து உறைந்த குழம்பு, சுற்றிலும் உள்ள மென்பாறை கரைந்தபின் மதில் போல நிமிர்ந்து நிற்பதும் நிலவியல் அறிந்தவர்களுக்குப் பழகிய காட்சிகள். ஆகவே நேர்கோடும் செங்கோணமும் மனிதக் கைக்குச் சான்று என்று எழுதுவதற்கு முன், நிலவியலாளர் ஒருவரை ஒருமுறை கேட்பது நல்லது.

பல ஆண்டுகள் காத்திருந்து ஆராயலாம் என்ற வசதி கடற்கரையில் கிடையாது. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்து ஹேப்பிஸ்பர்க் கடற்கரையில், மண்மேடு பின்வாங்கிக்கொண்டே போன இடத்தில், 2013 மே மாதம் கடல் மணலை வாரிப்போக, அடியிலிருந்த பழைய ஆற்றுமுகச் சேற்றில் ஏறத்தாழ 50 காலடிக் குழிகள் தெரிந்தன. பெரியவர்களும் குழந்தைகளும் நடந்த தடங்கள் அவை. வயது எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேல். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அன்றுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழமையானவை. ஆய்வாளர்கள் மழையிலும், கடல்நீர் ஏற்றவற்றமான ஓதம் ஏறுவதற்கு முன் கிடைத்த நேரத்திலும், பல கோணங்களில் படமெடுத்துக் கணினியில் முப்பரிமாண உருவமாக்கும் முறையில் அவற்றைப் பதிவு செய்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் தடங்கள் அழிந்துபோயின. இன்று நம்மிடம் இருப்பது அந்தப் பதிவு மட்டுமே, ஆனால் அதை வைத்து அவர்களின் உயரத்தைக்கூடக் கணிக்க முடிந்திருக்கிறது.

அதே நார்ஃபோக் மாவட்டத்தில் 1998இல் கடற்கரைக் கரியமண் அரிக்கப்பட்டு, 55 ஓக் மரக்கம்பங்கள் வட்டமாக நிற்பதும், நடுவில் ஒரு பெரிய மரத்தின் அடிப்பகுதி வேர் மேலாகக் கவிழ்த்து நடப்பட்டிருப்பதும் தெரிந்தன. அதற்கு ‘சீஹெஞ்ச்’ என்று பெயர் சூட்டியவை பத்திரிகைகள். கடலைச் சேர்த்து அழைத்தாலும், அது கட்டப்பட்டபோது அங்கே கடல் இல்லை. அந்த இடம் உவர்ச் சதுப்பு நிலமாக இருந்தது. மர வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அந்த மரங்கள் கி.மு. 2049இல் வெட்டப்பட்டவை என்று ஆண்டு துல்லியமாகத் தெரிந்தது. ஆர்வத்தில் யாராவது எல்லாக் கம்பங்களின் வெளிப்புறத்தையும் செதுக்கி, பட்டையை ஒட்டிய கடைசி வளையங்கள் போயிருந்தால், அந்த ஆண்டைச் சொல்ல வழி இருந்திருக்காது.

நமக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் மணலை வாரி எடுத்தபோது, பாறை ஒன்றில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டு வெளித்தெரிந்தது. திருவிழிச்சில் என்ற ஊரிலிருந்த சுப்பிரமணியர் கோயிலை அது குறிப்பிட்டது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இந்தியத் தொல்லியல் துறையினர் அருகிலிருந்த மேட்டில் முறையாகத் தோண்டினார்கள். பல்லவர் காலக் கருங்கற் பகுதிகளும், அவற்றுக்கும் அடியில் இன்னும் பழைய செங்கற் கோயிலின் அடித்தளமும் கிடைத்தன. கருங்கல்லுக்குக் கீழே செங்கல் என்ற அந்த வரிசையே அங்கே பெரிய செய்தி. அலை ஓய்ந்த மறுவாரமே ஆளுக்கொரு கல்லாக எடுத்திருந்தால் வரிசை ஏது?

எல்லாவற்றுக்கும் தடுப்புச்சுவர் கட்டிக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. சுவர் ஓர் இடத்தைக் காக்கும்போது அரிப்பு அதன் முனைகளுக்கு நகர்கிறது. ஸ்காரா பிரேயின் சுவருக்கு இருபுறமும் அதுதான் இன்று கவலை. பெரும்பாலான இடங்கள் போகத்தான் போகின்றன. போவதற்கு முன் அளந்து, படமெடுத்து, மண் மாதிரி எடுத்து வைப்பதே அவற்றைக் காப்பாற்றும் வழி. ஸ்காட்லாந்தில் 2012 முதல் 2016 வரை நடந்த ஒரு திட்டத்தில் பயிற்சி பெற்ற பொதுமக்களே கரையோரம் நடந்து, ஆபத்தில் இருக்கும் தொல்லிடங்களின் நிலையைப் பதிவு செய்தார்கள். கரையில் அன்றாடம் நடப்பவர்கள் பார்ப்பதை எந்தத் துறையாலும் அந்த வேகத்தில் பார்க்க முடியாது.

எனவே தங்கள் நாளிதழுக்கு என் கோரிக்கை இது. இத்தகைய செய்தியை வெளியிடும்போது ‘மர்மம்’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அச்சொல்லே மண்வெட்டியோடு ஆட்களை அங்கே வரவழைக்கிறது. துல்லியமான இடத்தைத் தொல்லியல் துறையினர் பார்த்துப் பதிவு செய்யும் வரை அச்சிட வேண்டாம். எதையும் பெயர்க்காமல், பக்கத்தில் ஓர் அளவுகோலோ, அளவு தெரிந்த ஒரு பொருளோ வைத்து, நேர் எதிரே நின்று ஒரு படமும் சற்றுத் தள்ளி நின்று முழு மேடும் தெரியும்படி ஒரு படமும் எடுத்து, தேதியும் நேரமும் குறித்துத் தொல்லியல் துறைக்கு அனுப்பும்படி வாசகர்களுக்கு நான்கு வரி எழுதுங்கள். அன்றைய ஓதம் ஏற்றமா வற்றமா என்பதையும் குறித்தால் இன்னும் நல்லது. எலும்பு தெரிந்தால் தொடாமல் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் டன்விச்சில் தேவாலயம் ஒன்று 1904 முதல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் விழுந்து முடிந்தது. அதன் கல்லறைத் தோட்டத்து எலும்புகள் மேட்டுச் சரிவில் துருத்திக்கொண்டு நின்றன. அவை ஒருகாலத்தில் யாரோ அழுது அடக்கம் செய்த மனிதர்கள் என்ற நினைப்போடு செய்தியிலும் படத்திலும் நடந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது உயிர் பற்றியது. புதிதாகச் சரிந்த மேடு மறுபடி சரியும். அடியில் நின்று படமெடுப்பதும், விளிம்பில் குனிந்து எட்டிப் பார்ப்பதும் கூடாது. மேட்டின் உயரத்துக்குக் குறையாத தூரத்திலேயே நிற்கும்படி நாங்கள் குழுவினருக்குச் சொல்வோம். மழை பெய்த மறுநாள் அடியில் போகவே விடமாட்டோம். இந்த எச்சரிக்கையைச் செய்தியின் முதல் பத்தியிலேயே, படத்துக்கு அருகில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்