ஆவணப்பட விழாத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். கொலம்பியாவின் காலி நகரைச் சேர்ந்த லூயிஸ் ஓஸ்பினாவும் கார்லோஸ் மயோலோவும் 1977-ல் எடுத்த 'அகர்ராந்தோ புவெப்லோ' 28 நிமிட நையாண்டிப் படம். ஜெர்மன் தொலைக்காட்சிக்காக வறுமையைத் தேடி அலைகிறது ஒரு படக்குழு. அந்தக் குழு எடுப்பது வண்ணத்தில் வரும், எடுக்கும்போது சுற்றி நடப்பது கறுப்பு வெள்ளையில் வரும். தெருப் பிள்ளைகள் நீரூற்றில் குதித்துக் காசு பொறுக்குகிறார்கள். அந்தக் காசை எறியச் சொன்னது யார் என்பது கறுப்பு வெள்ளையில்தான் தெரியும்.

விழாவுக்கு வரும் வறுமைப் படங்களிலும் உங்களுக்கு வந்து சேர்வது வண்ணப் பகுதி மட்டுமே. கறுப்பு வெள்ளையையும் கேட்டு வாங்குங்கள்.

ஒருவர் அழுகிற, பசியைச் சொல்கிற காட்சி ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்து, அதன் வெட்டாத ரஷ்ஷை, அதாவது எடிட் செய்யாத மூலப் பதிவை, எல்லா டேக்கோடும் (ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்த ஒவ்வொரு தடவையும்) ஒலியோடும் அனுப்பச் சொல்லுங்கள். "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா", "கேமராவைப் பார்க்காதீங்க" எல்லாம் டேக்கின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் இருக்கும். எடிட்டிங்கில் முதலில் போவதும் அவைதான். 'கட்' சொன்ன பிறகும் சட்டை மைக்கைக் கழற்றாமல் விட்டிருந்தால், பணப் பேச்சுகூட அதில் பதிவாகியிருக்கும்.

ஒப்புதல் படிவத்தில் தேதியைப் பாருங்கள். படப்பிடிப்பு முடிந்து பணம் கைமாறிய அன்றே வாங்கிய கையெழுத்து போதாது. காசை வாங்கியவரால் மறுக்க முடியாது. கேமரா இல்லாமல் ஒருநாள் போய்ப் பேசியிருக்க வேண்டும். முதல் எடிட்டைப் போட்டுக் காட்டி, "இது வேண்டாம்" என்று சொல்ல இடம் விட்டிருக்க வேண்டும். பணம் கொடுப்பதில் தப்பில்லை, வேலை கெட்ட நாளுக்குக் கூலி தரத்தான் வேண்டும். காட்சிக்கு இவ்வளவு என்று பேசும்போதுதான் அழுகைக்கு விலை வந்துவிடுகிறது.

அன்றைய கொலம்பியாவில் டிக்கெட்டின் கூடுதல் கட்டணத்தில் குறும்படங்களுக்குப் பங்கு கிடைத்தது. வெளிநாட்டிலும் வறுமைப் படங்களுக்குக் கேட்பார் இருந்தார்கள். அதனால் மளமளவென்று எடுத்துத் தள்ளினார்கள். அவற்றுக்கு ஓஸ்பினாவும் மயோலோவும் வைத்த பெயர் 'போர்னோமிசேரியா', அதாவது வறுமையை ஆபாசப் படம்போல் காட்டி விற்பது. இன்று கேட்பவர்கள் நீங்கள்.

அவர்கள் படத்தின் கடைசியில், போலிக் குடும்பத்தை வைத்துப் படமெடுக்கும் வீட்டுக்குள் உண்மையான வீட்டுக்காரர் நுழைகிறார். நீட்டிய பணத்தால் பின்புறத்தைத் துடைத்துவிட்டு, பிலிமை உருவிப் போடுகிறார். அது முடிந்ததும் ஓஸ்பினாவிடமும் மயோலோவிடமும் "நல்லா வந்துச்சா?" என்று கேட்கிறார். பிறகு அவரோடு உட்கார்ந்து பேசி, அந்தப் பேச்சையும் படத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

விழா மேடைக்கு இயக்குநரை அழைக்கும்முன், படத்தில் இருப்பவர் படத்தைப் பார்த்துவிட்டாரா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஆவணப்பட எடிட்டர்கள், ஒலிப்பதிவாளர்கள் சிலர்