பக்கத்து மேசையையும் பாருங்கள்

ஐயா,

சீனா போய் வந்து பயணக் கட்டுரை எழுதுபவர்கள் பலரும் "அங்கே வாயில் வைக்க முடியவில்லை" என்கிறார்கள். அவர்கள் தேடிப் போனது கோபி மஞ்சூரியன். அது இந்தியாவில் பிறந்த பண்டம். நான் சீனாவின் செங்டு நகரில் மாப்போ டோஃபு என்ற காரமான சோயாக் கட்டிக் குழம்பைச் சாப்பிட்டேன். சிச்சுவான் மிளகில் நாக்கு மரத்துப்போனது. காரத்தோடு அந்த மரமரப்பும் சேர்ந்ததுதான் அங்கே ருசி. தென்சீனாவின் குவாங்சோவில் காலைத் தேநீர்க் கடையில் ஒருவர் கோப்பையை நிரப்ப, எதிரிலிருந்த முதியவர் பேச்சை நிறுத்தாமலே இரு விரலால் மேசையை மெல்லத் தட்டினார். அதுதான் அவர்கள் நன்றி சொல்லும் முறை. எவ்வளவு அழகு! இத்தாலியின் நேப்பிள்ஸில் ஆளுக்கொரு முழு பீட்சா என்பதே வழக்கம். பகிர்ந்து உண்ணாததைக் கஞ்சத்தனம் என்றார் உடன் வந்தவர். எனக்கு வருத்தமாக இருந்தது. பயணக் கட்டுரை எழுதுவோர் பக்கத்து மேசையையும் கொஞ்சம் பார்த்து எழுத வேண்டுகிறேன்.

– வாசகர், திருநெல்வேலி