குமுட்டி அடுப்பைக் கீழேயே விட்டுவிட்டு வா

குன்னூர்
ஐப்பசி 22, ஞாயிறு மாலை

அடியே வாயாடி,

ஆடிக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியதெல்லாம் கணக்கில் சேராது என்பாய். சேராதுதான். வந்த பிறகு உட்கார வைத்து மொத்தமாகத் திட்டிக்கொள். வாண்டுக்குக் கீழே இரண்டு பல்லும் வந்துவிட்டதாமே, பின்பக்கமாகவே தவழ்கிறானாமே! ஹாஸ்டல் ஐந்தாம் நம்பர் அறைக்காரி பெற்ற பிள்ளை முன்னால் போனால்தான் அதிசயம். அத்தைக்கு முட்டிவலி தேவலையா? கேட்டதாகச் சொல்.

இனி விஷயம். நீ சொன்னபடி நேற்று சாவி வாங்கி, நீங்கள் இங்கே குடிவரப் போகிற வீட்டை மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டேன். வீடு நல்ல வீடு, வெளிச்சம் இருக்கிறது, வாடகையும் நியாயம். குளியலறைக்குள் நுழைந்ததும்தான் பகீரென்றது. நேற்று ராத்திரி உன் வீட்டுக்காரர் வேறு போன் செய்து, "குளிருக்குப் பயமே இல்லை, குமுட்டி அடுப்பும் இரண்டு மூட்டை கரியும் வாங்கிவிட்டேன்" என்றார், ஏதோ நகை எடுத்த சந்தோஷத்தோடு. போனில் சொன்னால் நீ பாதியில் வெட்டுவாய், அவர் ஸ்பீக்கரில் கேட்டுச் சிரிப்பார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குளியலறையில் இருப்பது கேஸ் கீசர். சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு, தண்ணீர் திறந்ததும் பற்றிக்கொள்கிற ரகம். அறை நாலுக்கு ஆறு அடி. மேலே சின்ன வென்டிலேட்டர், சாய்த்து வைத்த நாலு கண்ணாடித் தகடு. முன்பு குடியிருந்தவர்கள் குளிர்காற்று வருகிறதென்று அதன்மேல் ஒரு தினசரிக் காலண்டர் அட்டையைக் கவிழ்த்து, நாலு பக்கமும் பழுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். கதவின் அடியில் ரப்பர் பட்டை வேறு. ஒரு பெட்டிக்குள் அடுப்பை எரியவிட்டு நீயும் உள்ளே உட்கார்ந்து மூடிக்கொள்வதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

கேஸ் எரியக் காற்று வேண்டும். அடைத்த அறையில் சில நிமிடத்திலேயே ஆக்சிஜன் குறையும். குறைந்ததும் சுடர் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும், உடம்புக்கு ஒன்றும் போய்ச்சேராது. தலை வலிக்கும், குமட்டும், கால் துவளும். குளித்த அசதி என்று நினைத்துக்கொள்வோம். தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும் என்று தோன்றும்போது கை எழும்பாது. குழந்தைகள் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள், அதனால் அவர்களைத்தான் முதலில் சாய்க்கும்.

அந்த அட்டையை நேற்றே பிய்த்து எறிந்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் (இது வீட்டு ஓனர், உன் ஆளை நான் அவர் என்றே எழுதுகிறேன், குழம்பாதே) பேசினேன். "இத்தனை வருஷம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்றார். விடவில்லை. கீசரைக் கழற்றி வெளிச்சுவரில், கூரை நீட்டத்துக்குக் கீழே மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விடச் சொல்லியிருக்கிறேன். அதுதான் சரியான இடம். நீங்கள் வருவதற்குள் முடியாவிட்டால் இப்படிச் செய்: கதவைத் திறந்து வைத்து இரண்டு வாளி பிடி, கீசரை அணை, சிலிண்டர் வால்வை மூடு, ஐந்து நிமிடம் கழித்துக் குளி. கீசர் ஓடும்போது உள்ளே யாரும் நிற்கக்கூடாது. வாண்டுவை எப்படியும் அங்கே குளிப்பாட்டாதே, சமையலறையில் அகலத் தொட்டி போதும். கீசரின் முகப்பில் சின்ன ஜன்னல் இருக்கும். சுடர் நீலமாக இருந்தால் சரி. மஞ்சளாக நெளிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது, ஆளைக் கூப்பிடு.

மின்சார கீசர் போட்டுக்கொள்கிறோம் என்றால் இன்னும் நிம்மதி. ஒரு கணக்கு சொல்கிறேன். 15 லிட்டர், 2000 வாட். உங்கள் திருப்பூரில் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் வரும், 12 நிமிடத்தில் 50 டிகிரிக்குப் போய்விடும். இங்கே மார்கழியில் 15 டிகிரியில் வந்தால் 18, 19 நிமிடம் பிடிக்கும். கீசர் கெட்டுவிட்டதென்று மெக்கானிக்கைக் கூப்பிடாதே.

இப்போது அந்தக் குமுட்டி அடுப்பு. விறகு என்றால் புகையும், கண் எரியும், இருமல் வரும், நாமே எழுந்து கதவைத் திறப்போம். கரிக்கு அந்தக் குணம் இல்லை. கனிந்த கரியில் புகையே இருக்காது. நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான் இதில் பொல்லாதது. அணையப் போகிறது, படுக்கையறைக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிற அந்த நேரத்திலும் விஷக்காற்று வந்துகொண்டுதான் இருக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்று பேப்பரில் எத்தனை தடவை படித்தாயிற்று. பெரும்பாலும் கீழே இருந்து வந்தவர்கள்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று அவர் கேட்பார். போதாது. ராத்திரி இரண்டு மணிக்குக் குளிரில் யாராவது ஒருவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து அந்த ஜன்னலைச் சாத்திவிடுவார்.

இன்னொன்று உனக்கே தோன்றியிருக்காது. சாம்பிராணி. அத்தை குளிப்பாட்டிய கையோடு தூபக்காலில் நாலு கரியைக் கனிய வைத்து, கூடையைக் கவிழ்த்து, பிள்ளை தலையைக் காட்டாமல் விடமாட்டார். உங்கள் வீட்டில் நாலு பக்கமும் காற்று ஓடும், தெரியாது. இங்கே குளிருக்குப் பயந்து கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு செய்வார். அதுவும் கரிதான். பிஞ்சு நெஞ்சுக்குப் புகையே ஆகாது என்பது வேறு. தலையைப் பருத்தித் துண்டால் அழுத்தித் துவட்டி, ஹீட்டர் போட்ட அறையில் பத்து நிமிடம் மடியில் வைத்திருந்தால் ஈரம் போய்விடும். டாக்டர் சொன்னார் என்று என் பெயரை இழுக்காமல் சொல்லிவிடு.

ஹீட்டர் என்று சொன்னேனே, எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வாங்கு. கம்பி சிவக்கிற ரகமோ, சூடான காற்றை ஊதுகிற ரகமோ தவழ்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வேண்டாம். ரேடியேட்டர் எதையும் எரிப்பதில்லை, காற்றையும் கெடுப்பதில்லை. மேல்தகடு சுடும், அதனால் முன்னால் ஒரு தடுப்பு வை, மேலே ஈரத்துணி போடாதே. 2000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் இழுக்கும். படுக்கையறையில் இருப்பது சின்ன 5 ஆம்பியர் பிளக். அதில் மாற்றுப் பின்னைச் சொருகி ஓட்டினால் ஒரு வாரத்தில் பிளாஸ்டிக் கருகும். 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்று தனி ஒயரில் இழுக்கச் சொல்லியிருக்கிறேன். தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் 6 யூனிட், இரண்டு மாதத்துக்கு 360. இலவச 100 யூனிட்டெல்லாம் கண்ணுக்கே தெரியாது. தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டு, படுக்கும்போது அணைத்துவிடு. அது போதும். கார்பன் மோனாக்சைடுக்கென்று தனி அலாரம் கிடைக்கிறது, புகை அலாரம் இல்லை, கேட்டு வாங்கு. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் மாட்டலாம். எப்போதாவது வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியோ குமட்டலோ வந்தால் ஆராய்ச்சி செய்யாதே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து 108ஐக் கூப்பிடு.

ஹாலில் வெள்ளைக்காரன் காலத்துக் கணப்பு ஒன்று அழகாக இருக்கிறது. புகைபோக்கியில் சாக்குப்பை திணித்திருக்கிறார்கள், மேலே பறவைக்கூடு வேறு இருக்கலாம். சுத்தம் செய்து, ஒரு பேப்பரைக் கொளுத்திப் புகை மேலே போகிறதா, ஹாலுக்குத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் சீகை விறகெல்லாம். அதுவரை அதில் பூச்சட்டி வை.

மூச்சு வாங்கிக்கொள்கிறேன். மற்றதெல்லாம் சில்லறை.

மழை. கூடலூர்ப் பக்கம்போல இங்கே ஆடிச்சாரல் பெரிதில்லை. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகைதான். உங்கள் படுக்கையறையின் கிழக்குச் சுவர் இப்போதே ஓதம் ஏறியிருக்கிறது. பீரோவை அந்தச் சுவரில் ஒட்டாதே, எந்தச் சுவராக இருந்தாலும் நாலு விரற்கடை விட்டு நிறுத்து, காற்று பின்னால் ஓடட்டும். இல்லையென்றால் உன் பட்டுப்புடவை தை மாதம் பச்சைப்புடவை ஆகிவிடும். பூஞ்சைக்கு அந்துருண்டை போட்டுக் குழந்தைத் துணியை அடுக்காதே. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்கிற நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு அந்த வாசனை ஏறிய துணியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். வெயில் காட்டி மடித்து வை, வேப்பிலை போடு.

சாமான். மார்கழிக்குள் பால் காய்ச்சவேண்டும் என்பதால் மழையோடுதான் வருவீர்கள். வாசல்வரை லாரி வராது, பெட்போர்டிலிருந்து இறங்கும் சந்தில் 41 படி, எண்ணிவிட்டேன். சின்ன யானை போதும், இரண்டு நடையாக. பிரிட்ஜை நிறுத்தியே கொண்டு வாருங்கள். படுக்கவைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், வந்ததும் ஒரு ராத்திரி நிறுத்தி வைத்து மறுநாள் சுவிட்ச் போடு. நீலகிரிக்குள் வர அவர் காருக்கு இ-பாஸ் எடுத்துவிட்டாரா? டி.என். 43 என்கிற உள்ளூர் வண்டிகளுக்குத்தான் விலக்கு, உங்கள் 39க்கு வேண்டும். மழை வலுத்தால் குட்டி ரயிலை நிறுத்திவிடுவார்கள், அந்த ஆசையைச் சித்திரைக்கு வைத்துக்கொள்.

மேட்டுப்பாளையம் 330 மீட்டர், குன்னூர் 1,850. 14 கொண்டை ஊசி வளைவு. காது அடைத்து வாண்டு கத்துவான். மலையடிவாரத்துக் கல்லாறுக்கு ஒரு மணி நேரம் முன்பே வயிறாரக் கொடுத்துவிடு, ஏறும் வழியில் பர்லியாரில் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் பால் கொடு, விழுங்கும்போது காது திறக்கும். வளைவில் கொடுத்தால் உன் புடவைமேலேயே திரும்பி வரும்.

சமையல். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாலும் சீக்கிரம் பொங்கும். ராசியான வீடு என்று அத்தை பூரித்துப் போவார், சொல்லிவிடாதே! ஆனால் பருப்பு வேகாது. அவனுக்குப் பருப்புச் சாதம் மசிய வேண்டுமானால் குக்கரில் கீழே வைப்பதைவிட இரண்டு விசில் கூட விடு. இட்லி மாவு எட்டு மணி நேரத்தில் புளிக்குமென்று காத்திராதே. உப்புப் போட்டுக் கையாலேயே கரைத்து, ஹாட்பாக்ஸில் ஊற்றிப் பழைய கம்பளியைச் சுற்றி வை, பதினாலு பதினாறு மணி நேரம் ஆகும். தேங்காய் எண்ணெய் கல்லாக இருக்கும், மசாஜ் செய்யும்முன் குப்பியை வெந்நீரில் நிறுத்து.

தூங்கும்போது அவன்மேல் கம்பளியைக் குவிக்காதே. முகத்தில் ஏறிவிடும். இரண்டடுக்கு பருத்தி, மேலே ஒரு கம்பளிச் சட்டை. பிடரியைத் தொட்டுப் பார், வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்று. கை சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதே. தரை காவி போட்ட சிமெண்ட், ஐஸ்தான். கோர்த்துப் போடுகிற ரப்பர் பாய் எட்டு வாங்கு. அதன்மேல் அவன் முன்பக்கமாகத் தவழப் பழகுவான்.

தடுப்பூசி அட்டையைப் பீரோவுக்குள் போட்டுவிடாதே, கைப்பையில் வை. ஒன்பது மாத ஊசி, தட்டம்மை-ரூபெல்லா, கூடவே வைட்டமின் ஏ சொட்டு, கார்த்திகை கடைசியில் வருகிறது. அரசு லாலி மருத்துவமனைக்கு அட்டையோடு போனால் போதும். தடுப்பூசி தயாரிக்கிற, 1907லிருந்து இருக்கிற பாஸ்டர் நிறுவனம் இந்த ஊர்தான், ஆனால் அங்கே போய் வரிசையில் நிற்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

குப்பையை ராத்திரி வெளியே வைக்கக்கூடாது, கரடி வரும். காட்டுமாடு வாசலில் நின்றால் அதுவாகப் போகும்வரை உள்ளேயே இரு. அவரை செல்ஃபி எடுக்க விடாதே.

எலக்ட்ரீஷியன் புதன்கிழமை வருகிறார், நான் கூட நிற்பேன். கீசர் மாறியதும் போட்டோ அனுப்புகிறேன். குமுட்டி அடுப்பைப் பற்றி அவரிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா? நான் சொன்னால் வார்டன் குரலில்தான் வரும்.

உன்
தாளிச்சாமி

பி.கு.: இரண்டு மூட்டை கரியை என்ன செய்வதென்று கேட்பார். இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிடச் சொல்.