மாமரத்தின் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டுத் தோட்டம் பற்றிய பக்கத்தைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் காட்டிய செடிகள் அத்தனையும் நாளெல்லாம் வெயில் கேட்பவை. மூன்று பக்கம் சுவரும் தலைக்கு மேல் மாமரமுமாக இருக்கிறவர்கள் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

கும்பகோணத்தில் எங்களுடையது பழைய காலத்து நீள வீடு. வாசலில் நின்று கூப்பிட்டால் கொல்லையில் கேட்காது. கொல்லை 18 அடி அகலம், 40 அடி நீளம். நடுவில் என் மாமியார் வைத்த மாமரம். கிழக்கே பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாடி எழுப்பியதும் காலை வெயிலும் போயிற்று. நான் ஓய்வு பெற்ற வருடம், கையில் காசும் நேரமும் இருந்த மிதப்பில், நான்கு ரோஜாவும் ஒரு காகிதப்பூவும் வாங்கி வந்து நட்டேன். நிழலில் வருமா என்று கேட்டதற்கு, "எங்கே வைத்தாலும் வரும் அம்மா" என்றார் விற்றவர். மூன்றே மாதத்தில் ரோஜாக் கொம்புகள் வெளிச்சம் தேடிக் கழுத்தை நீட்டின. இலைகளில் விபூதி பூசியதுபோல் வெண்மை படிந்தது. ஒரு மொட்டுகூட ஒழுங்காக விரியவில்லை. வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து மரத்தின் மேல் பழி போட்டார்கள். மகன், மரம் வெட்டுகிறவரைக் கூட்டி வந்து கூலியே பேசிவிட்டான். அந்த இடத்தில் டைல்ஸ் பதித்துவிடலாம் என்பது அவன் யோசனை.

அப்போதுதான் எனக்கு அப்பாவின் கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், நினைவுக்கு வந்தது. 2025இல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலை வெட்டவெளியில் விளைவதில்லை. முதலில் அகத்தி விதைப்பார்கள். அது தலை தூக்கிய பிறகுதான் அதன் காலடியில் வெற்றிலைக் கொடியைப் பதிப்பார்கள். அகத்திதான் கொழுகொம்பு, அதுவேதான் கூரை. நிழலைக் காசு கொடுத்து வளர்க்கிற ஊரில் பிறந்துவிட்டு, சும்மா கிடைத்ததை வெட்டப் பார்த்தோமே என்று வெட்கமாகிவிட்டது.

வந்தவரிடம் தாழ்ந்த கிளைகள் நான்கை மட்டும் கழிக்கச் சொன்னேன். கிழக்குச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தேன். இந்த இரண்டிலேயே கொல்லை பாதி வெளுத்துவிட்டது. பிறகு ஒருநாள் மணிக்கொரு முறை போய், வெயில் விழுந்த இடத்தைக் கோலமாவால் சுற்றி வைத்தேன். இதை மார்கழியில் ஒரு முறை, வைகாசியில் ஒரு முறை செய்ய வேண்டும். எங்கள் ஊரில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. அந்த நாள்களில் வீட்டுக்கு வடக்கே இருக்கும் மண் காயும். தையில் அதே இடம் குளிர்ந்து கிடக்கும். வடக்குப் பக்கம் என்றாலே நிழல் என்று சொல்லும் மேல்நாட்டுத் தோட்டப் புத்தகங்களை நம்பி இங்கே செடி வைக்க முடியாது.

மரத்தடியைக் கொத்தவில்லை. மேல்வேர் அறுந்தால் மரம் நோகும். அங்கே தொட்டிகள்தான்: மஞ்சள் விளிம்பு போட்ட மருள் செடி, பெரணி, வெள்ளைக் கோடு ஓடும் ஸ்பைடர் செடி. நிழலில் கரும்பச்சை எடுபடுவதில்லை, வெளுத்த இலைதான் எட்ட நின்றாலும் தெரிகிறது. கிணற்றடி ஈரத்தில் வல்லாரை. பக்கத்தில் ஒரு பாத்தி மஞ்சள். கிழங்கு சிறுத்துத்தான் போகிறது, ஆனாலும் பொங்கல் பானைக்குக் கொத்து வாங்குவதில்லை. வெயில் சற்றே எட்டிப் பார்க்கும் விளிம்பில் கனகாம்பரம். அதன் காய்ந்த கதிரைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால், கொஞ்ச நேரத்தில் சடசடவென்று வெடித்து விதை முகத்தில் தெறிக்கும். என் பேத்தி லீவுக்கு வருவதே அதற்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகம். டெல்லி கனகாம்பரத்தில் இந்த வேடிக்கை கிடையாது. அது விதை பிடிக்காது, கொம்பு ஒடித்துத்தான் வைக்க வேண்டும்.

குறையும் உண்டு. நிழலும் ஈரமும் இருந்தால் கொசு வரும். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளை வாரம் தவறாமல் கவிழ்த்துவிடுகிறேன். வண்ண இலைக்கு ஆசைப்பட்டு வாங்கிய கலாடியத்தைக் கொடுத்துவிட்டேன். குழந்தைகள் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கிவிடும்.

செடி விற்கிறவர்கள் விலைச் சீட்டிலேயே எத்தனை மணி நேரம் வெயில் வேண்டும் என்று எழுதி ஒட்டட்டும். உங்கள் புகைப்படக்காரரையும் ஒரு முறை மாடியிலிருந்து இறக்கி, இப்படிப்பட்ட கொல்லைகளுக்கு அனுப்புங்கள்.

அகத்தி வைக்க எங்களுக்கு இடமில்லை. மாமரத்திலேயே வெற்றிலைக் கொடியை ஏற்றிவிட்டிருக்கிறேன். அப்பாவின் கொழுந்துபோல் இளசு இல்லை, கொஞ்சம் காரம் தூக்கல். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் முதலில் கொல்லைக்குப் போய்ப் பறிக்கிறவன் என் மகன்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியை,
கும்பகோணம்.