பெட்ரோல் பங்கின் அடியில் என்ன மண்?

ஆசிரியருக்கு,

பெட்ரோல் பங்க் என்றால் தீ விபத்தைத்தான் பேசுகிறோம். புதைத்த தொட்டி கசிந்தால்? பெட்ரோல் களிமண்ணில் மெல்ல நகரும், மணலில் விறுவிறுவென்று இறங்கும். கடினப்பாறை இருக்கிறதே என்று நம்புவது தப்புக்கணக்கு. விரிசல் போகும் வழியில் பெட்ரோலும் போகும், எந்தக் கிணற்றில் தலைகாட்டுமோ! பெட்ரோல் நீரைவிட லேசானது, நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். மட்டம் ஏறி இறங்கும்போது மண்ணிலும் அப்பிக்கொள்ளும். பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சுப்பொருளோ கரைந்து நிலத்தடி நீரோட்டத்தோடு கிளம்பிவிடும். குடிநீரில் பென்சீனுக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. வாடை மூக்குக்குத் தெரியும்போது அந்த வரம்பை எப்போதோ தாண்டியிருக்கும்.

நிலத்தடி நீரோட்டத் திசையை அறியக் குறைந்தது 3 ஆழ்துளைகளாவது வேண்டும். அனுமதி தரும் முன்பே அவற்றைப் போட்டு, மண் அடுக்கு விவரத்தை அக்கம்பக்கத்துக் கிணற்றுக்காரர்களுக்கும் காட்டட்டும்.

- ஒரு வாசகர்