ஒரே ஒரு பேர் எழுதச் சொன்னாங்க

ராயபுரம்,
ஆகஸ்ட் 6

கண்ணு,

நேத்து ராத்திரி நீ போன்ல "பால் பத்தலைன்னு இவ அழறாம்மா, என்ன பண்றதுன்னே தெரியலை"ன்னு சொன்னப்போ, பின்னாடி குழந்தை வேற வீல்னு கத்திட்டிருந்தது. அந்தச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் ஓடலை. போனை வச்ச பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. அதான் எழுதறேன். மருமகளுக்கும் படிச்சுக் காட்டு. தூங்கிட்டிருந்தா எழுப்பாதே.

முதல்ல இங்க நடந்த கூத்தைக் கேளு. ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். அங்கன்வாடியில நான் இருந்த வரைக்கும் வருஷா வருஷம் சார்ட் ஒட்டி, சுண்டல் கொடுத்து நடத்தினதுதான். இந்த வருஷம் ஒரு சங்கத்துலேர்ந்து போன் வந்தது. தாய்ப்பால் கொடுக்கிற பொம்பளைங்களுக்குத் தெருவுல, அக்கம்பக்கத்துல ஒத்தாசையா இருந்தவங்களைக் கௌரவிக்கப் போறோம், உங்க ஏரியாவுலேர்ந்து பேர் சொல்லுங்க டீச்சர்னாங்க. எனக்கு ஒரே சந்தோஷம். வாட்ஸப்புல ஃபாரம் வந்தது. திறந்து பார்த்தா பேர், வயசு, கல்வித் தகுதி, வகிக்கும் பொறுப்பு, ஏற்கெனவே வாங்கின விருது. நான் நாலு பேர் எழுதி அனுப்பினேன். "ஒருத்தருக்குத்தான் சால்வை மேடம். கல்வித் தகுதியைக் காலியா விட்டிருக்கீங்களே"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கடைசியில சால்வை யார் தோளுக்குப் போச்சுன்னு கேட்காதே. மேடையில மைக் பிடிச்சதுல ஒருத்தர்கூட பொம்பளை இல்லை, அது மட்டும் சொல்றேன்.

அந்த நாலு பேரை உனக்கு எழுதறேன். பால் குடிச்சவன் நீதானே.

நீ பிறந்தது 1994 சித்திரை. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க. எந்த நர்சிங் ஹோம்னு வேண்டாம், இப்போ அந்தக் கட்டடமே இல்லை. நான் மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கறதுக்குள்ள உன் வாயில சர்க்கரைத் தண்ணி போயாச்சு. மறுநாள் டப்பா பால். டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லோட ஒரு டப்பாவை இனாமா கையில கொடுத்து அனுப்பினாங்க. அது தப்புன்னு அப்போ எனக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்து டிரெயினிங் போனப்போதான் தெரிஞ்சது: டப்பா பாலுக்குன்னே 1992ல சட்டம் போட்டு, 1993 ஆகஸ்ட்லேர்ந்து அமலுக்கே வந்தாச்சு. விளம்பரம் பண்ணக்கூடாது, டப்பா மேல குழந்தை படம் போடக்கூடாது, தாய்க்கு இனாமா சாம்பிள் கொடுக்கக்கூடாது. நீ பிறக்கறதுக்கு முன்னாடியே இதெல்லாம் சட்டம். வகுப்புல உக்காந்து கேட்டப்போ எனக்கு வயிறு எரிஞ்சது.

வீட்டுக்கு வந்தப்போ மார் ரெண்டும் பாறை. தொட்டா உயிர் போகும். காய்ச்சல். நீ வாய் வச்சா நழுவிடும், கத்துவே, உடனே பாட்டில். உங்க ஆயா, பாவம், கெட்ட எண்ணம் ஒண்ணுமில்லை, "இவளுக்குப் பாலே இல்லை"ன்னு தெருவுக்கே சொல்லிட்டாங்க. உங்க அப்பா ஹார்பர்ல நைட் ஷிப்ட். பகல்ல தூங்கற மனுஷனை எழுப்பி இதை எப்படிச் சொல்றது?

முதல் ஆள், கல்மண்டபம் பக்கத்துல இருந்த ஆயாம்மா. பிரசவ ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. கைநாட்டு. யார் சொல்லி வந்தாங்கன்னு இன்னி வரைக்கும் தெரியாது. வந்தவங்க முதல்ல குழாய்ல கையைக் கழுவினாங்க. அப்புறம் தொட்டுப் பார்த்துட்டு, "இன்னாம்மா, பாலு இல்லன்றாங்க, இங்க கல்லாட்டம் கட்டிக்கினு கீது"ன்னு சிரிச்சாங்க. வெந்நீர்ல துணி நனைச்சு ஒத்தடம் கொடுத்தாங்க. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்புல வைக்காம, கருப்பு வட்டத்துக்குப் பின்னாடி வச்சு, நெஞ்சு பக்கமா அழுத்தி அப்புறம் பிழியச் சொன்னாங்க. பத்துப் பதினஞ்சு தடவை ஒண்ணுமில்லை. அப்புறம் சொட்டு. அப்புறம் பீச்சி அடிச்சு அவங்க மூக்குக்கண்ணாடியில பட்டது. தையல் வலிக்குதுன்னேன். "மடியில போடாத. கோழியைக் கக்கத்துல இடுக்கிக்கினு போவ மாட்டே? அப்டி இடுக்கு"ன்னாங்க. நீ கொட்டாவி விடற மாதிரி வாயைப் பெருசா திறக்கற வரைக்கும் காத்திருந்து, டக்குன்னு உன்னை மார்ல சேர்த்தாங்க. மாரை உன்கிட்ட கொண்டு போகலை, உன்னை மார்கிட்ட கொண்டு வந்தாங்க. தாடை மார்ல பதிஞ்சது, கீழுதடு வெளியே மடிஞ்சது. கடக் கடக்னு நீ முழுங்கற சத்தம் கேட்டது. உங்க ஆயா கதவுகிட்ட நின்னு அதைக் கேட்டாங்க. அதுக்கப்புறம் பாட்டிலைப் பத்திப் பேச்சே எடுக்கலை.

இதை மருமகளுக்கு அப்படியே காட்டு. காம்பு மட்டும் வாய்ல போனா புண்ணாகும், பாலும் வராது. பால் ஊறறது குழந்தை சப்பறதுலதான், ராத்திரி சப்பறதுல இன்னும் அதிகம். பால் பத்துதான்னு பார்க்க மாரைப் பார்க்காதே, டயாபரைப் பாரு. நாள் ஒண்ணுக்கு ஆறு தடவைக்குக் குறையாம ஒண்ணுக்குப் போனா, பிறந்த எடையை ரெண்டு வாரத்துல திரும்பத் தொட்டிருந்தா, பால் பத்துதுன்னு அர்த்தம். சாயங்காலம் ஆனா அழறது குழந்தைங்க வழக்கம், அது எப்பவும் பசி இல்லை.

ரெண்டாவது ஆள் ஆம்பளை. நம்ம தெருமுனை இஸ்திரிக்காரர். பால் கொடுக்கிறதுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்னு அந்த சங்கத்துக்காரங்க கேட்டாங்க. நாப்பது நாள் தண்ணி லாரி வரும்போதெல்லாம் தன் குடத்தோட எனக்கு ரெண்டு குடம் வரிசையில வச்சு, பிடிச்சு, வாசல்ல இறக்கி வச்சுட்டுப் போனவர் அவர். ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆபரேஷன் பண்ணின வயித்தோட நான் குடம் தூக்கியிருந்தா என்ன ஆயிருக்கும்? அந்தத் தண்ணியில பாட்டில் கழுவி, பவுடர் கலக்கிக் கொடுத்திருந்தா உனக்கு என்ன ஆயிருக்கும்? அந்தக் காலத்துல தொண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் வயித்தாலே போய்த் துவண்ட குழந்தையைத் தூக்கிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடாத வீடு கம்மி. டப்பா ஒரு மாசத்துக்கு வரணும்னு தண்ணியாக் கலக்கிக் கொடுத்த தாய்களையும் பார்த்திருக்கேன். அவங்களைத் திட்ட மனசு வராது. டப்பா விலை அப்படி.

மூணாவது, காசிமேட்டு மீன்கார அத்தை. அவங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, காரப்பொடி மீன். விடியக்காலை ஏலம் முடிஞ்சு கூடையோட வரும்போது ஒரு கூறு காரப்பொடி நம்ம வாசல்ல. வாரத்துக்கு ஒரு தடவை பால்சுறா. அதை வேக வச்சு உதிர்த்து, பூண்டை அள்ளிப் போட்டு புட்டு. காசு கொடுத்தா, "பையன் சம்பாரிச்சுக் குடுப்பான், போ"ன்னுடுவாங்க. சுறா தின்னா பால் சுரக்குமான்னு டிரெயினிங்ல கேட்டேன். சத்து நல்லது, சுரக்க வைக்கிறது குழந்தை வாய்தான்னாங்க. சரிதான். ஆனா ஒருத்தி உனக்குன்னு மீனை எடுத்து வச்சிருக்கான்னு தெரிஞ்சா உடம்பு தளரும் பாரு, அதை எந்த சார்ட்லயும் நான் பார்த்ததில்லை.

அவங்களும் ஒரு காலத்துல கைக்குழந்தையோட ஏலத்துக்குப் போனவங்கதான். ஐஸ்பெட்டி மறைவுல உக்காருவாங்க, நாலு பொம்பளைங்க சுத்தி நின்னு முந்தானையை விரிச்சுப் பிடிப்பாங்க, அவ்வளவுதான். 2015ல பஸ் ஸ்டாண்டுகள்ல பாலூட்டற அறை திறந்தாங்க. நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். மீன் விக்கிறவளுக்கு அந்த முந்தானைதான் அறை.

நாலாவது ஆளைப் பத்தி உனக்கு நான் முழுசா சொன்னதே இல்லை. மூணாவது வீட்டு பாய் வீட்டம்மா. உனக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது எனக்கு டைபாய்டு. அஞ்சாறு நாள் நினைவே இல்லை. அவங்களுக்கு அப்போ கைக்குழந்தை, பொண்ணு. ஒரு பக்கம் அவளுக்கு, ஒரு பக்கம் உனக்குன்னு கொடுத்திருக்காங்க. நான் கண் முழிச்சுக் கேட்டப்போ, "இனிமே இவன் எங்க பிள்ளை, இவளைக் கட்ட முடியாது, தெரிஞ்சுக்கோ"ன்னு சிரிச்சாங்க. அவங்க மார்க்கத்துல ஒரே தாய்கிட்ட பால் குடிச்சவங்க கூடப்பிறந்தவங்களுக்குச் சமம். அவ கல்யாணத்தப்போ நீ காலேஜ். "எல்லார் முன்னாடியும் முக்காடு போடறா, என் முன்னாடி மட்டும் போடலையேம்மா, ஏன்?"னு கேட்டே. நான் மழுப்பிட்டேன். இதான் காரணம்டா. உங்க ஆயா காதுக்குப் போயிடுமோன்னு பயம். ஆயா செத்து ஒன்பது வருஷம் ஆச்சு, இனி யாருக்குப் பயம்?

இப்போன்னா இப்படி நேரடியா கொடுக்கச் சொல்ல மாட்டேன். ரத்தப் பரிசோதனை இல்லாம இன்னொருத்தர் பால் கூடாது. அதுக்குத்தான் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள்ல தாய்ப்பால் வங்கி இருக்கு. கொடுக்கிறவங்களைப் பரிசோதிச்சு, பாலைச் சூடு பண்ணிக் கிருமி நீக்கி, குறைமாசக் குழந்தைங்களுக்குக் கொடுக்கறாங்க. பாய் வீட்டம்மா செஞ்சதையே இப்போ மெஷின் வச்சுச் செய்யறாங்கன்னு சொன்னா டாக்டருங்க கோவிச்சுப்பாங்க.

என் தப்பையும் சொல்லிடறேன். உனக்கு நாலு மாசத்துலயே கேழ்வரகுக் கூழ் ஊட்டினேன். அப்போ நாலுலேர்ந்து ஆறு மாசம்னுதான் சொன்னாங்க. 2001லதான் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாசம் முழுக்க தாய்ப்பால் மட்டும்னு மாத்துச்சு. ஆறு முடிஞ்சப்புறம் கூழ், பருப்பு மசியல், கூடவே ரெண்டு வயசு வரைக்கும் அதுக்கு மேலயும் பால். அதனால போன்ல யாராவது நாலாம் மாசம் ஊட்டுன்னா, நானே சொன்னாலும், கேட்காதே.

இன்னொண்ணு. எல்லாம் பண்ணிப் பார்த்தும் எடை ஏறலைன்னு டாக்டர் சொன்னா டப்பா பால் கொடுங்க. காய்ச்சி ஆறின தண்ணி, டப்பாவுல போட்ட அளவு, ஒரு கரண்டி கூடவோ குறையவோ வேண்டாம். மருமகளை அதுக்காக ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. எங்க அக்காவைச் சொன்னாங்க, அவ இன்னும் மறக்கலை.

எனக்கு ஜெர்மனி விசா எப்போ வருமோ. ஸ்டுட்கார்ட்ல காரப்பொடி கிடைக்காது, ஆயாம்மாவும் கிடையாது. ஆனா ஹெபாமேன்னு மருத்துவச்சி வீட்டுக்கே வருவாங்க, காசு இன்ஷூரன்ஸ் கொடுக்கும்னு நீயே சொன்னியே. பன்னிரண்டு வாரம் வரைக்கும் வரலாமாமே, அப்புறம் எதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டு வாரம் ஒரு தடவைன்னு சொல்லி வச்சிருக்கே? நாளைக்கே கூப்பிடு. வாய் வைக்கிறதை நேர்ல பார்க்கச் சொல்லு. மேல்வீட்டு துருக்கிக்காரம்மா சூப் கொண்டு வந்தாங்கன்னியே, நீ "பரவாயில்லை"ன்னு திருப்பி அனுப்பினியாம். மருமக சொன்னா. போய்க் கதவைத் தட்டி வாங்கிட்டு வா. லீவு போட்டிருக்கே இல்ல, சமையல், துணி, குழந்தை மாத்தறது எல்லாம் உன் வேலை. அந்த இஸ்திரிக்காரர் செஞ்ச மாதிரி, பேசாம செய்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை எழுந்தா எனக்கு வீடியோ கால் போடு. உங்க ரெண்டு மணி எனக்கு அஞ்சரை. தண்ணி வர நேரம், குழாயடியிலதான் இருப்பேன். பாய் வீட்டம்மாவும் பக்கத்துலதான் குடம் வச்சிருப்பாங்க. உன் பொண்ணைப் பார்க்கணும்னு தினமும் கேட்கறாங்க.

அம்மா