மன்னார்க் கடலும் முப்பது நாளும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் மன்னார் எண்ணெய் ஆய்வு பற்றி வந்த கட்டுரையில், ஒரு திட்டம் சூழலுக்கு என்ன செய்யும் என்று முன்கூட்டியே ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வெறும் சம்பிரதாயம் என்றும், கரையோரத்தார் தவிர மற்றவர்கள் அதில் கருத்துச் சொல்ல ஒன்றுமில்லை என்றும் ஒரு வரி இருந்தது. தங்கள் பத்திரிகையிலா இப்படி என்று மனம் வருந்தியது. மன்னாரிலும் கற்பிட்டியிலும் காயும் கருவாடுதான் மாதக் கடைசியில் எங்கள் லயத்து வீடுகளில் கறி.

சட்டம் தாங்கள் அறியாததல்ல. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம், 1988 திருத்தத்தின்படி, மதிப்பீட்டு அறிக்கை பற்றி வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, பொதுமக்களுக்கு 30 நாள் அவகாசம் தரச் சொல்கிறது. கரையிலிருந்து இத்தனை மைலுக்குள் இருப்பவர் மட்டும் எழுதலாம் என்று அதில் எல்லை எதுவும் இல்லை.

சொல்ல ஒன்றுமில்லையா? 2011 இல் மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்ட டொராடோ, பரகுடா கிணறுகள் இரண்டும் 1,300 மீற்றருக்கு மேற்பட்ட ஆழக்கடலில் துளைக்கப்பட்டவை. அத்தகைய கிணற்றின் மேற்பகுதியைத் துளைக்கும்போது துளையிடும் கப்பலுக்கும் கடலடிக்கும் இடையே ஏற்றுக்குழாய் இருக்காது. வெட்டிய கல்லும், துளைப்பதற்காகக் கிணற்றுக்குள் செலுத்தும் சேறும் நேரே கடலடியில் கொட்டி, அங்குள்ள சிறு உயிர்களை மூடிவிடும். ஏற்றுக்குழாய் பொருத்திய பிறகுதான் சேறு கப்பலுக்கு வந்து, அதிரும் சல்லடையில் கற்துகள் பிரிக்கப்படும். செயற்கை எண்ணெய் கலந்த சேறு பாவித்தால் துகளில் எண்ணெய் ஒட்டியிருக்கும். அதை மேலும் உலர்த்தும் இயந்திரம் கப்பலில் உண்டா, எத்தனை வீதம் எண்ணெயோடு கடலில் விடப்படும் என்பதை அறிக்கை எண்ணால் சொல்ல வேண்டும். 'சர்வதேசத் தரத்துக்கு அமைய' என்ற சொற்றொடர் அதற்குப் பதிலாகாது.

துளையிடும் முன் கடலடி மண்ணை எடுத்து, பேரியம் என்ற உலோகம், எண்ணெயில் உள்ள ஐதரோகாபன், புழுக்களின் வகை, எண்ணிக்கை எல்லாம் பதிய வேண்டும். சேற்றுக்குப் பாரமூட்டச் சேர்க்கும் பரைற் என்ற கனிமத்தில் பேரியம் இருப்பதால், பிறகு கழிவு எவ்வளவு தூரம் பரவியது என்று அதைக் கொண்டுதான் கண்டுபிடிப்பார்கள். முதல் அளவு இல்லையென்றால் பிந்திய அளவுக்கு அர்த்தமே இல்லை. எண்ணெய் கசிந்தால் எந்தக் கரைக்குப் போகும் என்ற கணிப்பையும் தென்மேல், வடகீழ் இரு பருவங்களுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்.

மெக்சிக்கோ வளைகுடாவில் 2010 இல் ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்தில் வெடித்த கிணற்றிலிருந்து எண்ணெய் பாய்வதை நிறுத்த 87 நாள் பிடித்தது. அந்த ஆழத்துக்குச் சுழியோடிகள் இறங்க முடியாது. கிணற்று வாயை அடைக்கும் பாரிய மூடி எந்த நாட்டில் இருக்கிறது, மன்னாருக்கு வந்துசேர எத்தனை நாள் என்று நாங்கள் கேட்கக் கூடாதா? 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது பிளாஸ்டிக் மணிகள் கரை நெடுகக் குவிந்ததைப் பார்த்த நாடு இது.

மலைநாட்டாருக்கு இந்த மதிப்பீடு புதிதுமல்ல. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின்போது சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்காக எத்தனை வாதம் நடந்தது! உமா ஓயா நீர்த்திட்டம் இன்னும் வேதனை. 2014 இறுதியில் அதன் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வறண்டன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. சுரங்கம் தோண்டும்போது முன்னால் நீண்ட துளையிட்டுப் பாறை வெடிப்புகளைச் சோதித்து, நீர் வந்தால் தோண்டும் முன்பே சீமெந்துக் குழம்பு செலுத்தி அடைப்பது தெரிந்த முறைதான். எங்கே எந்த அளவு நீர் வந்தால் வேலையை நிறுத்துவது என்பதை மதிப்பீட்டிலேயே எழுதிவைக்க வேண்டும். சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் முன்கூட்டியே அளந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நட்டஈடு கேட்டு அலையும் குடும்பம் எதைக் காட்டி நிரூபிக்கும்? காகிதத்தில் விட்ட குறையை அனுபவிப்பவர்கள் நாங்கள். அதைச் சம்பிரதாயம் என்று அச்சிட்டது எங்களைப் புண்படுத்துகிறது.

தங்களிடம் கேட்பது சிறிய உதவி. மன்னார் தொடர்பான மதிப்பீட்டு அறிவித்தல் வரும்போது, அது கேள்வி அறிவித்தல்களுக்கும் காணி விளம்பரங்களுக்கும் நடுவே பொடி எழுத்தில் மறைந்துபோகாமல், செய்திப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகவும் போடுங்கள். தமிழ் அறிக்கையை எந்த அலுவலகத்தில் பார்க்கலாம், கருத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது, கடைசித் திகதி எது என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். தோட்டங்களுக்குத் தபால் பிந்தித்தான் வரும். ஆகவே முதல் வாரத்திலேயே வெளியிடும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பண்டாரவளை வாசகர் ஒருவர்